மலையின் பேரேடு

2017-ஆம் ஆண்டின் கோடையைத் திருவனந்தபுரம் ஆரியசாலை வட்டாரத்தார் எளிதில் மறக்கமாட்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டில் கேரளத்துக்கு வரவேண்டிய தென்மேற்குப் பருவமழை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்துபோயிற்று. துலாவர்ஷம் என்று இங்கு அழைக்கப்படும் வடகிழக்குப் பருவமழையோ பாதிக்கும் மேல் பொய்த்தது. 2016 அக்டோபர் மாத இறுதியிலேயே மாநிலத்தின் 14 மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. நகருக்குக் குடிநீர் அளிக்கும் பேப்பாறை அணையின் நீர்மட்டம் சரியவே, நெய்யாற்று நீர்த்தேக்கத்திலிருந்து நீரை இறைத்துக் கரமனை ஆற்றின் வழியாக அருவிக்கரைக்குக் கொண்டுவரும் ஏற்பாடும் செய்யப்பட்டது.

அந்நாள்களில் நான் பணியாற்றிய ஆரியசாலைக் கிளைக்கு, மளிகை மொத்த வணிகம் செய்யும் முதியவர் ஒருவர் தம் ரொக்கக் கடன் வரம்பைப் புதுப்பிக்க வந்திருந்தார். நாஞ்சில் நாட்டிலிருந்து தந்தையார் காலத்திலேயே இங்கு குடியேறிய குடும்பம். சாலை பஜாரில் அனைவருக்கும் அவர் அண்ணாச்சி. விதுரைக்கு அருகே மலையடிவாரத்தில் அவருக்கு மூன்று ஏக்கர் மிளகுத் தோட்டமும் உண்டு. கொடிகள் வாடிக்கொண்டிருந்த கவலை முகத்தில் தெரிந்தது. கையொப்பங்கள் முடிந்தபின் அவர் மெல்லக் கேட்டார்.

“சார், விமானத்தில் போய் மேகத்தில் மருந்து தூவினால் மழை பெய்யுமாமே. அரசாங்கமே யோசிப்பதாகப் பத்திரிகையில் போட்டிருக்கிறான். எங்கள் பக்கத்துத் தோட்டக்காரர்கள் நாலுபேர் சேர்ந்து பணம் போட்டால் வங்கி கடன் கொடுக்குமா?”

வேடிக்கையாகக் கேட்கிறார் என்று முதலில் எண்ணினேன். அவர் சிரிக்கவில்லை. ஆகவே, எந்தக் கடன் விண்ணப்பத்துக்கும் கேட்பதைப் போலவே நானும் ஒரு கேள்வி கேட்டேன்: “அண்ணாச்சி, தூவிய பிறகு மழை பெய்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அது தூவியதால் பெய்ததா, தூவாவிட்டாலும் பெய்திருக்குமா என்று எப்படித் தெரிந்துகொள்வீர்கள்?”

அவரிடம் விடை இல்லை. என்னிடமும் அன்று இல்லை. வணிகவியல் படித்த எனக்கு மேகங்களின் இயல்பு புதிய பாடம். ஆனால் அக்கேள்வி என்னை விடவில்லை. அதைத் தொடர்ந்து படித்தறிந்தவற்றை வாடிக்கையாளப் பெருமக்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மேகத்தில் விதைப்பது எங்ஙனம்?

செயற்கை மழை என்ற சொல் சற்றுத் தவறான எண்ணத்தைத் தருகிறது. மழையை எவரும் செயற்கையாக உண்டாக்குவதில்லை. மேகம் இல்லாத வானில் எந்த விமானமும் ஒரு துளியைக் கூட வரவழைக்க இயலாது. ஏற்கெனவே நீரைச் சுமந்து நிற்கும் மேகம், அந்நீரில் சற்றுக் கூடுதலான பங்கைத் தரையில் இறக்குமாறு தூண்டுவதே மேக விதைப்பு.

0 பாகை செல்சியஸில் நீர் உறையும் என்று பள்ளியில் படித்தோம். மேகத்திலுள்ள நுண்துளிகள் அவ்வாறு உடனே உறைந்துவிடுவதில்லை. பற்றிக்கொள்ள ஒரு துகள் கிடைக்காதவரை, உறைநிலைக்குக் கீழே பல பாகைகள் குளிர்ந்த பின்னும் அவை நீராகவே மிதக்கும். இதை மீக்குளிர் நீர் என்பர். பனிக்கட்டியின் படிக அமைப்பை ஒத்த ஒரு துகளை அங்கே தூவினால், துளிகள் அதைச் சுற்றி உறைந்து, படிகமாகப் பருத்து, எடை தாங்காமல் கீழே விழும். 1946 நவம்பரில் அமெரிக்க ஆய்வாளர் வின்சென்ட் ஷேஃபர் ஒரு சிறு விமானத்தில் பறந்து, உலர் பனிக்கட்டியைத் தூவி இதைச் செய்துகாட்டினார். அதே மாதத்தில் அவருடைய சக ஆய்வாளர் பெர்னார்ட் வானகட், வெள்ளி அயோடைடு இதற்கு மிகவும் ஏற்றது என்று கண்டறிந்தார். இன்றுவரை குளிர்மேகங்களுக்குப் பயன்படும் விதை அதுவே.

உறைநிலைக்கு மேலான வெப்பமுடைய மேகங்களில் இம்முறை பலிக்காது. அங்கே உப்பு போன்ற ஈரம் உறிஞ்சும் துகள்களைத் தூவுவார்கள். அவை நீராவியை ஈர்த்துப் பெரிய துளிகளாகி, வழியிலுள்ள சிறு துளிகளையும் சேர்த்துக்கொண்டு விழும். எந்த மேகத்துக்கு எந்த விதை என்பதற்கே மேகத்தின் வெப்பநிலை தெரிந்தாக வேண்டும். ஆக, முதற்படியிலேயே அளவீடு வந்துவிடுகிறது.

வெண்பனி என்னும் வைப்புத்தொகை

மேக விதைப்பு ஓரளவேனும் உறுதியான பலன் காட்டியிருப்பது வெண்பனி பொழியும் மலைகளில்தான். நமக்குப் பனி என்றால் மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்கும் ஈரம். இங்கு நான் கூறுவது, குளிர்நாட்டு மலைகளில் பஞ்சுபோல் விழுந்து ஆளுயரத்துக்குக் குவியும் பனி.

மழை பெய்தவுடன் ஓடிவிடுகிறது. சேமிப்புக் கணக்கில் விழுந்த அன்றே எடுத்துச் செலவிடப்படும் தொகை போன்றது அது. வெண்பனியோ குளிர்காலம் முழுவதும் மலைமேல் சேர்ந்து, வசந்தத்தில் உருகி, கோடையில் ஆறாக வருகிறது. முதிர்வு நாள் குறித்த வைப்புத்தொகை என்று அதைக் கூறலாம். அணை கட்டாமலே மலை அந்நீரைக் காத்துவைக்கிறது.

ஆனால் இவ்வைப்பின் மதிப்பைக் கண்ணால் பார்த்துக் கூற முடியாது. புதிதாக விழுந்த பனி 10 சென்டிமீட்டர் ஆழம் இருந்தால், உருகும்போது ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் நீரே கிடைக்கும். நாள்பட்டு இறுகிய பனியில் அதைவிடப் பன்மடங்கு நீர் இருக்கும். பனியின் ஆழம் வெறும் முகமதிப்பு. அதன் நீர்மதிப்பே உண்மை மதிப்பு.

இந்நீர்மதிப்பை அளக்கும் வழியை வகுத்தவர்களில் முதன்மையானவர் ஓர் இலத்தீன் மொழிப் பேராசிரியர் என்பது வியப்பளிக்கும் செய்தி. அமெரிக்காவின் நெவாடாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜேம்ஸ் சர்ச், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரோஸ் மலையின் உச்சியில் வானிலை ஆய்வகம் ஒன்றை நிறுவினார். விளிம்பில் பற்கள் கொண்ட நீண்ட உலோகக் குழாயைப் பனியில் செங்குத்தாக இறக்கி, உள்ளே அகப்பட்ட பனியை எடைபோட்டார். எடை தெரிந்தால் நீர் தெரிந்துவிடும். அருகிலுள்ள டாஹோ ஏரியின் நீர்மட்டம் பற்றி மின் நிறுவனத்துக்கும் கரையோர நில உரிமையாளர்களுக்கும் இடையே நீடித்த பிணக்கில், மலையில் எவ்வளவு பனி இருக்கிறது, அதனால் ஏரி எவ்வளவு உயரும் என்று அவர் முன்கூட்டியே கணித்துக் கூறியது பெரிதும் பயன்பட்டது. எண்கள் கிடைத்ததும் வாக்குவாதம் தணிந்தது.

இன்று அமெரிக்காவின் மேற்கு மலைகளில் 900-க்கும் மேற்பட்ட தானியங்கிப் பனி நிலையங்கள் இயங்குகின்றன. உறையாத திரவம் நிரப்பிய தலையணை போன்ற பை ஒன்று தரையில் கிடக்கும். அதன்மேல் பனி குவியக் குவிய, அழுத்தத்தைக் கொண்டு நீர்மதிப்பைக் கருவி கணக்கிட்டு அனுப்பிவிடும். எந்த மனிதரும் ஏற முடியாத நள்ளிரவிலும் மலையின் இருப்பு என்ன என்பது பள்ளத்தாக்கில் தெரியும்.

முன்னும் பின்னும் உள்ள கணக்கு

மலைநீர்ப் பிடிப்புப் பகுதியில் மேக விதைப்பைத் தொடங்க விரும்புவோர் மூன்று நிலைகளில் தரவு திரட்ட வேண்டும்.

முதலாவது, விதைப்புக்கு முந்தைய கணக்கு. அம்மலையில் இயல்பாக எவ்வளவு மழையும் பனியும் விழுகின்றன, ஆற்றில் எவ்வளவு நீர் வருகிறது என்பது பல ஆண்டுகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இயற்கையின் ஏற்ற இறக்கமே ஆண்டுக்கு ஆண்டு 20, 30 விழுக்காடு இருக்கையில், விதைப்பினால் கூடியது 10 விழுக்காடு என்று ஓராண்டுக் கணக்கை வைத்துக் கூறவே இயலாது. தொடக்க இருப்புத் தெரியாத கணக்கில் இலாபம் காண்பது எங்ஙனம்?

இரண்டாவது, விதைக்கும் நேரத்துக் கணக்கு. மேகத்தின் வெப்பநிலை வெள்ளி அயோடைடு வேலைசெய்யும் அளவுக்கு, அதாவது பொதுவாக உறைநிலைக்குக் கீழே 5 பாகைக்கும் தாழ்ந்து குளிர்ந்திருக்கிறதா? மீக்குளிர் நீர் போதிய அளவு உள்ளதா? தூவிய துகளைக் காற்று நாம் விரும்பும் மலைச்சரிவுக்குக் கொண்டுசெல்லுமா, அல்லது அடுத்த பள்ளத்தாக்குக்குத் தள்ளிவிடுமா? பலூன்களும் ரேடார்களும் நுண்ணலைக் கருவிகளும் இவற்றைக் கூறுகின்றன. பனி ஏற்கெனவே அளவுக்கு மிஞ்சிக் குவிந்திருந்தால் விதைப்பை நிறுத்திவிட வேண்டும் என்ற வரம்பும் முன்னரே வகுக்கப்படுகிறது. இல்லையெனில், வரமாக வேண்டியது பனிச்சரிவாகவோ வெள்ளமாகவோ வந்து சேரும்.

மூன்றாவது, விதைத்த பிந்தைய கணக்கு. விதைத்த பகுதியின் பனியை, அதே புயல் கடந்துசென்ற விதைக்காத அண்டைப் பகுதியின் பனியோடு ஒப்பிட வேண்டும். எந்தப் புயலில் விதைப்பது, எதை விட்டுவிடுவது என்பதைக் குலுக்கல் முறையில் முடிவுசெய்தால்தான் ஆய்வாளரின் ஆசை கணக்கில் நுழையாது. தணிக்கையாளரைத் தணிக்கைக்குரியவரே தேர்ந்தெடுக்கக் கூடாது என்ற நமது நெறியும் இதுவும் ஒன்றே.

ஐடஹோவில் கண்ட கோடுகள்

நம் நகரம் நெய்யாற்று நீருக்காகக் காத்திருந்த அதே 2017-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்துப் பேயெட் ஆற்றின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் முக்கியமான ஆய்வு ஒன்று நடந்தது. ஜனவரி 19 அன்று விமானம் முன்னும் பின்னுமாகப் பறந்து வெள்ளி அயோடைடைத் தூவியது. சற்று நேரத்தில், விமானம் சென்ற தடத்தின் வடிவிலேயே வளைந்து நெளிந்த பனிக்கோடுகள் ரேடார் திரையில் தோன்றின. இயற்கையான பனிப்பொழிவு அப்போது மிகக் குறைவாக இருந்தமையால், இது விதைத்ததன் விளைவே என்று ஐயமின்றிக் கூற முடிந்தது. மேக விதைப்பு தொடங்கி 70 ஆண்டுகளுக்குப் பின் கிடைத்த தெளிவான கண்கூடான சான்று அது.

அம்மாதத்தில் மூன்று விதைப்புகளால் விழுந்த பனியை ஆய்வாளர்கள் அளந்து 2020-இல் வெளியிட்டனர். மூன்றும் சேர்ந்து ஏறத்தாழ 7 இலட்சம் கன மீட்டர் நீர். கேட்பதற்குப் பெரிய எண். நமது பேப்பாறை அணையின் திட்டமிட்ட கொள்ளளவு 7 கோடி கன மீட்டர். அதோடு ஒப்பிட்டால் நூற்றில் ஒரு பங்கு. பயனற்றது என்று தள்ளிவிடவும் முடியாது, வறட்சியைத் தீர்த்துவிடும் என்று நம்பவும் முடியாது.

வயோமிங் மாநிலத்தில் 2005 முதல் 2014 வரை நடந்த நீண்ட ஆய்வும், தகுதியான பனிப்புயல்களில் மட்டும் 5 முதல் 15 விழுக்காடு வரை கூடுதல் பனி கிடைக்கலாம் என்ற முடிவுக்கே வந்தது. ‘தகுதியான’ என்ற சொல்லை வாசகர்கள் அடிக்கோடிட்டுக் கொள்ள வேண்டுகிறேன். வங்கி விளம்பரங்களில் அடியில் வரும் சிறிய எழுத்து நிபந்தனை போன்றது அது.

நம் நாட்டு அனுபவம்

இந்தியாவில் இம்முயற்சி புதிதன்று. 1951-லேயே டாட்டா நிறுவனம் மேற்குத் தொடர்ச்சி மலையில் தரையிலிருந்து வெள்ளி அயோடைடு புகையை எழுப்பிப் பார்த்தது. தமிழ்நாட்டில் 1983-லும், 1984 முதல் 1987 வரையிலும், மீண்டும் 1993-94-லும் வறட்சியின்போது மேக விதைப்பு நடந்தது. கர்நாடகம் 2003-இல் ‘வருணா’ என்றும், 2017-இல் ‘வர்ஷதாரி’ என்றும் பெயரிட்டு இதைச் செய்தது. இவை நிவாரணப் பணிகள். தாகத்தில் தவிக்கும் ஊரில், இந்த மேகத்தில் தூவுவோம், அந்த மேகத்தை ஒப்பீட்டுக்காக விட்டுவைப்போம் என்று எந்த அரசாலும் கூற இயலாது. ஆகவே நிவாரணமாகச் செய்ததைக் கொண்டு பலனைத் துல்லியமாகக் கணக்கிடுவதும் கடினம்.

பொறுமையோடு கணக்கெழுதியவர்களும் நம் நாட்டில் உண்டு. புணேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம், மகாராஷ்டிரத்தின் பாராமதியில் 1973 முதல் 1986 வரையிலான காலத்தில் 11 பருவங்களில் உப்பைத் தூவி ஆய்ந்தது. இரண்டு பகுதிகளில் எதில் தூவுவது என்பது குலுக்கலில் முடிவாயிற்று. மழை 24 விழுக்காடு கூடியதாகக் கணக்கு காட்டியது. அதே நிறுவனம் 2018, 2019-ஆம் ஆண்டுகளில் மழைமறைவுப் பகுதியான சோலாப்பூரில் 276 மேகங்களை ஆராய்ந்தது. அங்கே 100 சதுர கிலோமீட்டர் பரப்பில் 18 விழுக்காடு கூடுதல் மழை கிடைத்ததாகவும், ஒரு லிட்டருக்கு ஆன செலவு 18 பைசா என்றும் அறிவித்தது.

18 பைசா என்றவுடன் மலிவு என்று தோன்றலாம். இது தரையில் விழுந்த நீரின் விலை. குழாய்க்கு வந்த நீரின் விலை அன்று. விழுந்ததில் ஒரு பகுதி ஆவியாகும், ஒரு பகுதி மண்ணில் இறங்கும், ஒரு பகுதி ஓடிவிடும். நம் கரமனை ஆற்றின் மொத்த நீளமே 68 கிலோமீட்டர். மலையில் பெய்த மழை விரைவிலேயே கடலைத் தொட்டுவிடும். வெண்பனி தானே காத்துவைக்கும் வேலையை இங்கே அணையும் காடும் குளமும் செய்தாக வேண்டும்.

மற்றொன்றும் உண்டு. வறட்சி என்பதே தகுதியான மேகங்கள் அரிதான காலம். வீடு எரியும்போது காப்பீடு எடுக்க ஓடுவது போல, மேகமற்ற கோடையில் விமானத்தைத் தேடுவதில் பயனில்லை. விதைப்பதாயின் மேகம் நிறைந்த பருவத்தில் விதைத்து, நீர்த்தேக்கத்தில் சேமிக்க வேண்டும்.

இமயத்தின் பனியும் இடவப்பாதியும்

பனி விழாத கேரளத்தாருக்குப் பனிக் கணக்கு எதற்கு என்று கேட்கலாம். இக்கேள்விக்கு 19-ஆம் நூற்றாண்டிலேயே ஒரு விடை தேடப்பட்டது. இந்திய வானிலைத் துறை 1875-இல் தொடங்கியது. அடுத்த ஆண்டே தாது வருடப் பஞ்சம் தென்னாட்டைச் சூறையாடியது. மழை பொய்க்கப்போவதை முன்னரே அறிய வழியுண்டா என்று அரசு கேட்டது. துறையின் முதல் தலைவரான ஹென்றி பிளான்போர்ட், இமயமலையில் குளிர்காலப் பனி மிகுதியாகவும் நெடுநாள் நீடித்தும் இருந்தால், அடுத்த பருவமழை குன்றுகிறது என்ற தொடர்பை 1884-இல் எடுத்துக்காட்டினார். மலையடிவார நிலையங்களிலிருந்து வந்த பனிச் செய்திகளே அவருக்கு மூலதனம். 1886 ஜூன் 4 அன்று இந்தியாவின் முதல் முறையான பருவமழை முன்னறிவிப்பு வெளியாயிற்று.

அத்தொடர்பு அவர் எண்ணிய அளவு நேரானதன்று என்று பிற்கால ஆய்வுகள் காட்டின. ஆயினும் இமயத்துப் பனியை எண்ணியவர், ஆரியசாலைக் குடைகளுக்கும் சேர்த்தே கணக்கெழுதினார் என்பது உண்மை. வடநாட்டில் இப்பனிக் கணக்கின் தேவை இன்னும் நேரடியானது. பக்ரா அணைக்கு வரும் சட்லஜ் நீரில் பாதிக்கும் மேற்பட்டது பனியும் பனியாறும் உருகி வருவதாகும்.

அகத்தியமலையில் ஓர் ஆய்வகம்

மலையில் ஏறிக் கணக்கெழுதிய வரலாறு நம் ஊருக்கே உண்டு என்பதை அறிந்தபோது நான் பெருமிதம் கொண்டேன்.

சுவாதித் திருநாள் மகாராஜா 1830-களில் திருவனந்தபுரத்தில் வானாய்வகம் ஒன்றை நிறுவினார். ஊரார் அதை நட்சத்திர பங்களா என்றனர். அதன் முதல் இயக்குநர் ஜான் கால்டிகாட். அவர் ஆலப்புழையில் திருவிதாங்கூர் அரசின் வணிக முகவராக இருந்தவர். வணிகத்துறையைச் சேர்ந்த ஒருவர் வானத்தைக் கணக்கெடுக்க முன்வந்தார் என்பது, என் போன்றோருக்குச் சற்று ஆறுதல் தரும் செய்தி.

அவருக்குப் பின் 1852-இல் பொறுப்பேற்ற ஜான் ஆலன் புரூன் என்ற ஸ்காட்லாந்து அறிஞர், நகரத்தில் மட்டும் அளந்தால் போதாது, உயரத்திலும் அளக்க வேண்டும் என்று கருதினார். 1855-இல் அகத்தியமலையின் உச்சிப் பகுதியில், கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 6,200 அடி உயரத்தில் ஓர் ஆய்வகத்தை நிறுவினார். தமிழர் பொதிகை என்று போற்றும் அதே மலைதான். கிழக்கே தாமிரபரணியும் மேற்கே நெய்யாறும் கரமனை ஆறும் பிறக்கும் மலைத்தொடர் அது. யானைகள் திரியும் காட்டு வழியே கருவிகளைச் சுமந்து சென்று, உச்சியில் புயற்காற்றையும் ஈரத்தையும் பொறுத்துக்கொண்டு, காந்த ஊசியின் அசைவையும் வானிலையையும் குறித்தனர். நகரத்திலும் மலையிலும் ஒரே காலத்தில் எடுத்த அளவீடுகளே அம்முயற்சியின் சிறப்பு. திருவனந்தபுரத்திலும் அகத்தியமலையிலும் எடுத்த காந்த அளவீடுகளை அவர் 1874-இல் நூலாக வெளியிட்டார்.

புரூன் 1865-இல் ஊர் திரும்பினார். மலைமேலிருந்த ஆய்வகம் அதன்பின் தொடரவில்லை. அந்தப் பேரேடு அன்றிலிருந்து இடைவிடாது எழுதப்பட்டிருந்தால், நம் குடிநீர் பிறக்கும் மலையைப் பற்றி 170 ஆண்டுக் கணக்கு இன்று நம் கையில் இருந்திருக்கும். 2017-இல் எழுந்த கேள்விக்கு, நம் மலையில் எவ்வகை மேகம், எம்மாதத்தில், எவ்வளவு நீரோடு வருகிறது என்று பார்த்துப் பதில் கூறியிருக்கலாம். விட்டுப்போன ஆண்டுகளை எந்தப் பணம் கொடுத்தும் இனி வாங்க முடியாது.

நல்ல செய்தி யாதெனில், அப்பணி வேறு வடிவில் மீண்டும் நடைபெறுகிறது. நம் நகரின் ஆக்குளத்திலுள்ள தேசிய புவி அறிவியல் ஆய்வு மையம், மூணாறில் ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் மேக ஆய்வகம் ஒன்றை நடத்துகிறது. மேகத் துளிகளின் அளவும் மழைத் துளிகளின் அளவும் அங்கே கணக்கெடுக்கப்படுகின்றன. செயற்கை மழைக்கு நாம் என்றேனும் செலவிட முடிவுசெய்தால், முதலில் புரட்ட வேண்டியது இத்தகைய பேரேடுகளையே.

அண்ணாச்சியின் ஓரக்குறிப்பு

இனி அண்ணாச்சியிடம் திரும்புவோம். மேக விதைப்புக்கு நம் வங்கியில் கடன் திட்டம் இல்லை என்பதை அன்றே அவரிடம் கூறிவிட்டேன். தோட்டத்தில் மழைநீர்க் குளம் வெட்டக் கடன் பெற வழியுண்டு என்றும் கூறினேன். “எவ்வளவு பெரிய குளம்?” என்று அவர் கேட்டார். “எவ்வளவு மழை பெய்கிறது?” என்று நான் கேட்டேன்.

மறுவாரம் அவர் துணிப்பையில் பழைய நாட்கணக்குப் புத்தகங்கள் சிலவற்றைக் கொண்டுவந்தார். அவர் தந்தையார் எழுதியவை. மிளகாய் மூட்டைகளும் பருப்பு மூட்டைகளும் நனைந்துவிடக் கூடாதென்ற கவலையால், மழை பெய்த நாள்களில் பக்கத்தின் ஓரத்தில் ‘மழை’ என்றும் ‘பெருமழை’ என்றும் எழுதிவைத்திருந்தார். நாங்கள் இருவரும் ஆர்வத்தோடு புரட்டினோம். சற்று நேரத்திலேயே மூன்று குறைகள் புலப்பட்டன. எத்தனை மில்லிமீட்டர் என்று இல்லை. பெய்தது ஆரியசாலையில், தோட்டமோ மலையடிவாரத்தில். கடற்கரைக்கு அருகிலுள்ள நகரத்தின் மழையைக் கொண்டு மலையின் மழையை மதிப்பிட இயலாது. மூன்றாவது குறையே எங்களை அதிகம் திகைக்கவைத்தது. எதுவும் எழுதாத நாள்கள் மழை பெய்யாத நாள்களா, கடை திறக்காத நாள்களா என்று தெரியவில்லை.

அவர் அவசரப்படவில்லை. மழைமானி ஒன்றை வாங்கித் தோட்டத்தில் மரநிழல் படாத வெளியில் நிறுத்தினார். அருகிலுள்ள மரத்தின் உயரத்தைப் போல் இரு மடங்கு தொலைவேனும் தள்ளி வைக்க வேண்டும் என்பது விதி. வானிலைத் துறையின் வழக்கப்படி காலை 8.30 மணிக்குக் காவலாளி அளவைப் படித்துக் கைப்பேசியில் சொல்ல, அண்ணாச்சி கடைக் கணக்கோடு அதையும் எழுதினார். இரண்டு ஆண்டுக் கணக்கு கைக்கு வந்தபின்னரே குளத்தின் அளவை முடிவுசெய்து விண்ணப்பித்தார். முதலில் எண்ணியதைவிடச் சிறிய குளமே போதுமாயிற்று. கடனும் குறைந்தது.

வாசகர்களும் இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் அது 1 லிட்டர் நீர். 1,000 சதுர அடி மொட்டைமாடி ஏறத்தாழ 93 சதுர மீட்டர். திருவனந்தபுரத்தில் ஆண்டுக்குச் சுமார் 1,800 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஆக, ஒரு சிறிய வீட்டின் கூரையில் மட்டும் ஆண்டுக்கு 1,67,000 லிட்டர் விழுகிறது. விமானம் எதுவும் இன்றி வானம் நமக்குச் செலுத்தும் வரவு இது. இதில் எவ்வளவை இருப்பாகக் கொள்கிறோம், எவ்வளவைச் சாக்கடைக்கு விடுகிறோம் என்பது நம் கையில் உள்ளது.

இடையில் மாறுதலாகி வேறு ஊர்களில் பணியாற்றிவிட்டு, அண்மையில் மீண்டும் ஆரியசாலைக் கிளைக்கே வந்திருக்கிறேன். அண்ணாச்சியின் கடைக்குச் சென்றபோது மழைக் கணக்குப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். மாசி, பங்குனிப் பக்கங்களில் வரிசையாகப் பூஜ்யங்கள். நாள் தவறாமல் ஒவ்வொன்றும் எழுதப்பட்டிருந்தது.

“மழையே இல்லாத மாதத்துக்கு ஏன் அண்ணாச்சி இவ்வளவு மெனக்கெட்டு எழுதியிருக்கிறீர்கள்?” என்று கேட்டேன்.

“பூஜ்யமும் கணக்குத்தானே சார்,” என்றார் அவர். “பெய்யாத நாளும் எழுதாத நாளும் ஒன்றில்லை. அப்பா புத்தகத்தைப் பார்த்து அன்றைக்கு நாம் ரெண்டுபேரும் முழித்தோமே, அது மறந்துபோச்சா?”